தராசிலேயே பிடித்த மகமை

எபிநேசரின் இடது முழங்காலுக்கு விலை இரண்டு கோடியே நாற்பது லட்சம். வலது முழங்கால் அதோடு இலவசம். தலை, நெஞ்சு, ஈரல் முதலான மற்ற உருப்படிகளுக்குத் தனி விலை இல்லை. மிளகாய் வாங்கினால் சாக்கும் கூடவே வருகிற மாதிரி அவையும் வரும்.

அவனுடைய அடுத்த ஒப்பந்தத்துக்குப் பேசி முடித்தவன் நான். அவன் இப்போது ஆடுகிற காசிமேடு கால்பந்து கிளப்பின் மேனேஜர் சுதர்சன் ஒன்று அறுபதில் ஆரம்பித்தார். நான் சிரித்தேன். ஒன்று தொண்ணூறு என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு இருபத்தைந்தில் டீ வரவழைத்தார். டீ வந்துவிட்டால் பேரம் படியப்போகிறது என்று அர்த்தம். என் அப்பா விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்தவர். சின்ன வயதில் நான் தினம் பார்த்தது ஒரே காட்சிதான்: இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, இருவருமே நஷ்டப்படுவதாகச் சத்தியம் செய்துவிட்டு, இருவருமே லாபத்தோடு எழுந்து போவது. அந்தப் படிப்புதான் என்னை ஆட்டக்காரர்களின் ஏஜெண்ட் ஆக்கியது. மைதானத்தில் எல்லோருக்கும் நான் அண்ணாச்சி. ஜெயபாண்டி என்ற பெயர் வருமான வரிக்காரர்களுக்கு மட்டும் தெரியும்.

அந்த இரண்டு நாற்பதில் ஒரு முள் இருந்தது. லீக்கின் இறுதிப் போட்டிக்கு மறுநாள் காலை கையெழுத்து. அந்தக் காலையில் எபியின் எண் நூறுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

எண் எங்கிருந்து வருகிறது என்றால், முட்டிக்குள் இருந்து. ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் முழங்கால் நாரோடு சேர்த்துப் பாசிப்பயறு அளவில் ஒரு கருவி வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதற்குச் செல்லப் பெயர் எண்ணி. முழு வேகத்தில் ஓடுகிறவன் காலை ஊன்றிச் சட்டென்று திசை மாறுவதற்குப் பெயர் வெட்டு. இன்னும் எத்தனை வெட்டு தாங்கும், எத்தனையாவது வெட்டில் நார் அறும் என்று எண்ணி சொல்லிவிடும். கிளப் மேனேஜர் போனிலும் ஏஜெண்ட் போனிலும் அந்த எண் நாள் முழுக்க நிற்கும். ஆறு வருடமாக அது சொன்னது ஒரு முறையும் பொய்க்கவில்லை. முன்பு ஆட்டக்காரனை ஆட்டத்தைப் பார்த்து வாங்கினார்கள். இப்போது மீதியைப் பார்த்து வாங்குகிறார்கள்.

லீக் சுற்று முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வியாசர்பாடியில் எபியின் வீட்டுக்குப் போனேன். எண் நூற்று முப்பத்தொன்று. கதவைத் திறந்த எபி, பின்னால் மனைவி கூப்பிட்டதும் தலையை மட்டும் திருப்பவில்லை, காலை மட்டும் திருப்பவில்லை. தேர் வடக்கு வீதி முனையில் திரும்புகிற மாதிரி மொத்த உடம்பையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் திரும்பினான்.

"பாருங்க அண்ணாச்சி," என்றாள் ரோஸ்லின். "அடுப்புல பால் பொங்குது, ஓடி வந்து நிறுத்துன்னா, ஊர்வலம் வர்றாரு. ஆடுறதுக்கு மட்டும் காலு. வூட்டுக்கு மரக்கட்டை."

"வூட்டுல ஒரு வெட்டு போச்சுன்னா எவ்ளோன்னு தெரியுமா உனக்கு?" என்றான் எபி.

"ரெண்டு லட்சம் பக்கம் வரும். நான் கணக்கு போட்டுட்டேன். பால் லிட்டரு நூத்திருவது. பொங்கட்டும்."

ரோஸ்லின் பெரம்பூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதுகிறவள். வாயால் கூட்டுவதில் என்னைவிட வேகம். அதனால்தான் அவளிடம் பேசுவதென்றால் எனக்கு உள்ளூரப் பயம்.

"இந்த மாசத்துலேர்ந்து சம்பளம் இல்லன்றாரு. மேட்ச் இருக்குல்ல? அப்போ சம்பளமும் இருக்கணும்ல?"

"லீக் மேட்சுக்குத்தாம்மா சம்பளம். வருசத்துக்கு ஒண்ணு நாப்பத்தி நாலு. அதைப் பதினெட்டு மேட்சுக்குப் பிரிச்சு, மேட்சுக்கு எட்டு லட்சம். பதினெட்டாவது மேட்ச் நேத்தோட முடிஞ்சுது, கிளப்போட கூலிக் கணக்கும் முடிஞ்சுது. இனி பிளேஆஃப். அதுக்கு லீக்கே நேரா போனஸ் குடுக்கும்."

"எவ்ளோ?"

"அரையிறுதி ஜெயிச்சா அஞ்சு. ஃபைனல்ல தோத்தா ஏழு, ஜெயிச்சா பதினஞ்சு. ஆளுக்கு."

"எல்லாருக்கும் ஒரே துட்டா?"

"எல்லாருக்கும். கோல் போடுறவனுக்கும் அதே, பெஞ்சுல உக்காந்து தண்ணி பாட்டில் எண்ணுறவனுக்கும் அதே. பட்டியல்ல பேர் இருந்தாப் போதும்."

அவள் விரலை மடக்கவில்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது. "ஒரு மேட்சுக்கு இருவது வெட்டு போவுது. அரையிறுதி ஆடலாம். நூத்தி பதினொண்ணு, பன்னெண்டு நிக்கும். ஃபைனல் ஆடினா நூறுக்குக் கீழ வந்துடும். ரெண்டு நாப்பது போச்சு. பதினஞ்சுக்கு ஆசைப்பட்டு ரெண்டு நாப்பதை விடணுமா?"

"விட வேணாம்னுதான் நானும் வந்தேன்."

"ஃபைனல் ஆட மாட்டாரு. அவ்ளோதான்," என்றாள். எபிக்கு வயது இருபத்தொன்பது. இதற்கப்புறம் இப்படி ஒரு கையெழுத்து வராது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவன் பாலைத் துடைத்துக் கொண்டிருந்தான். மெதுவாக.

அரையிறுதியில் எபி பத்தொன்பது வெட்டு வெட்டினான். காசிமேடு ஜெயித்தது. ஆளுக்கு ஐந்து லட்சம் மறுநாளே வந்தது. எண் நூற்றுப் பன்னிரண்டு.

சம்பளம் இல்லாத ஆட்டத்தில் காலைக் காத்துக்கொள்ள ஆட்டக்காரனுக்கு உரிமை உண்டு. சங்கம் போராடி வாங்கிய உரிமை. அதற்கு ஒரு காகிதமும் உண்டு. எபி அதில் கையெழுத்துப் போட்டுக் கோச்சிடம் கொடுத்தான். அந்தச் செய்தி உடைமாற்றும் அறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததை அவனே போனில் சொன்னான்.

"ஒருத்தனும் திட்டல அண்ணாச்சி. திட்டியிருந்தா பரவால்ல. கேப்டன் மதி மட்டும், வாங்க ரெண்டு கோடி, உக்காருங்க ரெண்டு கோடின்னு நாற்காலிய துடைச்சுப் போட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. கிளீட்டஸ் மட்டும் சிரிக்கல. பக்கத்துல வந்து, நல்ல காரியம் செஞ்சே மக்கா, காலைப் பாத்துக்கோன்னான். அவன் நம்பரு ஒம்போது. ஒம்போது அண்ணாச்சி! மேட்சுக்கு நாப்பதாயிரம் வாங்குறவன். ஃபைனலோட அவனைக் கழிச்சு வுடப்போறாங்க. அவன் என்னைப் பாத்து காலைப் பாத்துக்கோன்றான். எனக்கு வயிறு எரியுது."

"எரியட்டும். வயித்துக்கு எண் இல்ல," என்றேன்.

"நான் ஆடப் போறேன்."

கிளீட்டஸ் தூத்தூர்க்காரன். வயது முப்பத்து மூன்று, பின்வரிசையில் நிற்பவன். மைதானத்துக்குள் ஒன்பது வெட்டை எப்படிச் செலவழிப்பது என்று யோசித்து யோசித்து ஆடியதால் கடைசி நாலு மேட்சாக அவனைப் பெஞ்சில் வைத்திருந்தார்கள். அவனைப்போல மேட்சுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் வாங்குகிறவர்கள் பட்டியலில் பதினான்கு பேர். ஏழு லட்சத்துக்கும் பதினைந்து லட்சத்துக்கும் நடுவில் இருக்கிற எட்டு லட்சம் அவர்களுக்கு ஒரு வருடச் சம்பளத்துக்கு மேல். இறுதிப் போட்டியில் எதிரணி மதுரை. எபி இல்லாமல் மதுரையை ஜெயிக்க முடியாது என்பது மதுரைக்கே தெரியும்.

ஆடுவேன் என்று முடிவு செய்துவிட்டவனோடு வாதாடுவது வீண். சரக்கு எப்படியும் போகப் போகிறது என்றால் கிடைக்கிற விலையை வாங்கிப் போட வேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். விடை என் அப்பாவின் மண்டியிலிருந்தே வந்தது.

எங்கள் ஊர் வியாபாரிகளிடம் மகமை என்று ஒரு ஏற்பாடு உண்டு. மூட்டைக்கு இத்தனை காசு என்று ஒவ்வொரு வியாபாரியும் பொதுவுக்குக் கொடுப்பது. அந்தக் காசில்தான் பள்ளிக்கூடம் கட்டினார்கள், நொடித்துப் போனவனைத் தூக்கி நிறுத்தினார்கள். யாரும் யாருக்கும் தானம் செய்வதில்லை, ஆனால் எல்லோரும் சேர்ந்து ஒருவனைத் தாங்குவார்கள்.

பெரம்பூர் பேரக்ஸ் சாலையில் ஒரு பிரியாணிக் கடை மாடியில் எபியைத் தவிர்த்து இருபத்திரண்டு பேரையும் கூட்டினேன். பிரியாணி என் செலவு. ஏஜெண்ட் செலவழித்தால் எதையோ பிடுங்கப்போகிறான் என்று ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். எலும்பைக் கடித்துக்கொண்டே உஷாராக உட்கார்ந்திருந்தார்கள்.

"எபி ஆடுனா ஜெயிக்கலாம். ஜெயிச்சா உங்களுக்கு எட்டு லட்சம் கூட. ஆடுனா அவனுக்கு ரெண்டு நாப்பது நட்டம்," என்றேன். "அந்த எட்டுல பாதி. ஆளுக்கு நாலு. தோத்தா ஒண்ணும் வேண்டாம்."

"நாலா?" கேப்டன் மதியழகன் எலும்பைக் கீழே வைத்தான். சேலத்துக்காரன். "ரெண்டு வச்சுக்கலாம் அண்ணாச்சி."

"ஏய்யா, அவன் முட்டிய கறிக்கடையில வச்சா பேசுறோம்?"

"நாங்களும் முட்டியோடதான ஆடறோம்."

"உம் முட்டிக்கு நூத்தி எழுவது இருக்கு. சுதர்சன் உனக்கு ரெண்டு வருசம் எழுதிட்டாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

சிரிப்பு எழுந்தது. மூன்று என்றார்கள். நான் எழுந்து செருப்பைத் தேடினேன். மூன்றரை என்றார்கள். ஒரு செருப்பை மாட்டினேன். அப்போது மூலையிலிருந்து கிளீட்டஸ் சொன்னான்: "நாலு குடுக்கலாம். எனக்க கணக்குல எழுதுங்க."

பதினைந்தில் நாலு போனால் அவனுக்குப் பதினொன்று மிஞ்சும். அதற்கப்புறம் அவனுக்கு வருமானம் என்று ஒன்று இல்லை. அவன் சொன்ன பிறகு மற்றவர்களால் பேரத்தைத் தொடர முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து நீள நோட்டை எடுத்தேன். மகமை என்றால் எழுத வேண்டும், எழுதியதில் கையெழுத்து வேண்டும். எழுதாத மகமை பிச்சை என்பார் அப்பா. 'இறுதிப் போட்டி வென்றால் எபிநேசர் ஆடியதற்காக நபருக்கு ரூபாய் நாலு லட்சம்' என்று தலைப்பில் எழுதி, இருபத்திரண்டு பெயர், இருபத்திரண்டு ஒப்பம் வாங்கினேன். எண்பத்தெட்டு லட்சம்.

அன்றைக்கே கோயம்புத்தூர் கிளப்புக்குப் பேசினேன். எண் எண்பதுக்குக் குறையாமல் வந்தால் ஒன்று இருபது தருவதாக வாயால் ஒத்துக்கொண்டார்கள். ரோஸ்லினிடம் போய்க் கணக்கைக் காட்டினேன். எபி ஆடாவிட்டால் தோற்போம். இரண்டு நாற்பதும் ஏழும் சேர்த்து இரண்டு நாற்பத்தேழு. ஆடி ஜெயித்தால் கோவையின் ஒன்று இருபது, மகமை எண்பத்தெட்டு, போனஸ் பதினைந்து, ஆக இரண்டு இருபத்து மூன்று.

"இருவத்தி நாலு லட்சம் குறையுது," என்றாள்.

"அது கோப்பைக்குன்னு வச்சுக்கம்மா."

"ஆடித் தோத்தா?"

"ஒண்ணு இருவத்தேழு."

தாளை என் பக்கமே திருப்பித் தள்ளினாள். "அண்ணாச்சி, எழுதிக் காட்டும்போது எல்லாம் அழகா இருக்கு." பிறகு உள்ளே திரும்பி, "சட்டை வாங்கி வச்சுருக்கேன், ஃபைனலுக்கு அதைப் போட்டுனு போ," என்றாள். அதுதான் அவள் சம்மதம்.

இறுதிப் போட்டியை நான் பார்க்கவில்லை. போனைப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு. நூற்றெட்டு. பக்கத்தில் நாற்பதாயிரம் பேர் பந்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன் மட்டும் குனிந்து உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் நூற்றிரண்டு. கோல் ஒன்றுக்கு ஒன்று. நூறைத் தாண்டிக் கீழே இறங்கிய நொடியில் சுதர்சன் தன் போனிலிருந்து தலையைத் தூக்கி, மூன்று வரிசை தள்ளி இருந்த என்னைப் பார்த்தார். அனுதாபமான மனுஷன், பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து இரண்டாக மடித்து மறுபடியும் வைத்துக்கொண்டார்.

தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது தொண்ணூற்றிரண்டு. ஆட்டம் சமம். கூடுதல் நேரம்.

இருபது வெட்டு, எட்டு லட்சம், நாலு லட்சம், எல்லாவற்றையும் எழுதியவன் கூடுதல் நேரத்தை எழுதவில்லை. மண்டியில் வளர்ந்தவனுக்குப் பொழுது சாய்ந்தால் கடை அடைப்பார்கள் என்றுதான் நினைப்பு. முப்பது நிமிடம். எண்பத்தெட்டு, எண்பத்தாறு, எண்பத்து மூன்று. எழுந்து நின்று கையை ஆட்டினேன். போதும், நில் என்று கத்தினேன். நாற்பதாயிரம் பேரும் எதையோ கத்திக்கொண்டிருந்தார்கள். என் கத்தலும் உற்சாகம் என்றே பக்கத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டு என் தோளில் தட்டினார்.

எண்பத்திரண்டு. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். எபி இடது ஓரத்தில் பந்தோடு வந்தான். முன்னால் மதுரைக்காரர்கள் இரண்டு பேர். காலை ஊன்றினான். திரும்பினான். அவர்கள் இருவரும் ஒரு பக்கம் போக, அவனும் பந்தும் மறுபக்கம் போனார்கள். கோல்.

எண்பத்தொன்று.

கூட்டம் மைதானத்தையே தூக்கியது. எபி ஓடவில்லை, குதிக்கவில்லை. வந்தவர்கள் தன்னைக் கட்டிப்பிடிக்கட்டும் என்று விளக்குக் கம்பம் மாதிரி நின்றான். மீதி நாலு நிமிடமும் அப்படியே நின்றான். மதுரை அவனுக்கு இரண்டு ஆள் காவல் போட்டது. அசையாத மனிதனை இரண்டு பேர் காத்ததால் மற்றவர்களுக்கு வேலை சுலபமாயிற்று. ஜெயித்துவிட்டோம்.

மறுநாள் காலை லீக் அலுவலகத்துக்குக் கிளம்பினேன். முந்தின மாலை பஸ்ஸில் ஏறும்போதே மதி சொல்லியிருந்தான்: "கவலைப்படாதீங்க அண்ணாச்சி, பணம் வரட்டும், குடுத்துடுவோம்." பணம் வரட்டும் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் நான். பணம் ஒருவன் கைக்குப் போன பிறகு அதற்குத் தங்கச்சி கல்யாணம் வரும், வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டி வரும். அதனால்தான் எங்கள் ஊரில் மகமையை வியாபாரி கையில் விடுவதில்லை. மூட்டை தராசில் இருக்கும்போதே பிடித்துவிட்டு மீதியைத்தான் கொடுப்பார்கள். அதில் யாருக்கும் அவமானமும் இல்லை, யாரையும் நம்ப வேண்டிய அவசியமும் இல்லை.

போனஸ் பட்டுவாடாப் பிரிவில் பத்மஜா என்று ஓர் அம்மாள். பத்து வருடப் பழக்கம். "கப் ஜெயிச்சாச்சு, ஸ்வீட் எங்க?" என்றார்.

"வருது மேடம். ஒரு சின்ன உதவி. எங்க பசங்க போனஸ்ல ஆளுக்கு நாலு பிடிச்சு, எபிநேசர் கணக்குல சேத்துருங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டது. இந்தாங்க, கையெழுத்து."

நோட்டை விரித்துக் கவுண்டர் கண்ணாடிமேல் வைத்தேன். கண்ணாடிக்கு அடியில் ஒரு நீல வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடியது.

பத்மஜாவின் முகம் மாறியது. "ஐயோ, எடுங்க சார். எடுங்க!"

எடுத்தேன். அவர் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போயிடுச்சு. இதுமேல வச்சா எதுவா இருந்தாலும் படிச்சுப் பதிவு பண்ணிடும். என்ன சார் நீங்க? வாயால கேட்டிருந்தா, நோட்டை எடுத்துட்டு ஓடுங்கன்னு சொல்லியிருப்பேனே."

"என்ன தப்பு மேடம்? திருட்டுப் பணமா? அவங்க பணம்."

"யாருக்குப் போகுது? ஒரு ஆட்டக்காரருக்கு. எதுக்கு? ஆடினதுக்கு. யார் பேசி முடிச்சது? அவரோட ஏஜெண்ட். அதுக்குப் பேரு சம்பளம் சார். ஒவ்வொரு கிளப்புக்கும் சம்பள உச்சவரம்பு இருபது கோடி. உங்க கிளப் பத்தொன்பது எழுபது காட்டியிருக்கு. மிச்சம் முப்பது லட்சம். நீங்க எண்பத்தெட்டு கொண்டு வந்து வைக்கிறீங்க. ஐம்பத்தெட்டு லட்சம் மீறல்."

"போனஸ் வரம்புல வராதுல்ல?"

"லீக் குடுக்குற போனஸ் வராது. எல்லாருக்கும் ஒரே தொகைன்றதாலதான் வராது. நீங்க அதை ஒருத்தருக்குக் கூட, மத்தவங்களுக்குக் குறைன்னு மாத்திட்டீங்க." குரலைத் தாழ்த்தினார். "அவங்களா வாங்கிட்டுப் போயி, அவங்களா அவர் கையில குடுத்திருந்தா அது அன்பளிப்பு. யாரும் கேட்க மாட்டாங்க. நீங்க இங்கயே பிடிக்கச் சொன்னீங்க பாருங்க, அங்கதான் அது சம்பளமாச்சு."

பேரம் பேசினேன். பணம் கைமாறவில்லையே என்றேன். நோட்டைக் கிழித்துப் போடுகிறேன் என்றேன். அபராதம் என் தலைமேல் போடுங்கள் என்றேன். எதிரில் ஒரு மனுஷி இருந்தார், அவர் கண்கூடக் கலங்கியிருந்தது. ஆனால் பேரம் அவரோடு இல்லை. முடிவு திரையில் ஏற்கனவே வந்துவிட்டிருந்தது. அதற்கு டீ வரவழைக்கத் தெரியாது.

காசிமேட்டின் இறுதிப் போட்டிப் போனஸ் முழுவதும் பறிமுதல். இருபத்து மூன்று பேருக்குப் பதினைந்து வீதம் மூன்று கோடி நாற்பத்தைந்து லட்சம் வீரர் நலநிதியில் சேர்க்கப்படும். கோப்பை கிளப்பிடமே இருக்கும். எடை போட்டுப் பார்த்திருக்கிறேன், பித்தளை. என் உரிமம் ரத்து. நோட்டு சாட்சிப் பொருள். எபிநேசரை ஒரு வருடத்துக்கு எந்தக் கிளப்பும் பதிவு செய்யக் கூடாது. விசாரணை முடியும்வரை, அவனோடு ஆடியவர்களிடமிருந்து அவனுக்கு ஒரு ரூபாய் போனாலும் ஆயுள் தடை.

லீக்கும் மகமை பிடிக்கிறது. அவர்கள் அதற்கு நலநிதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கோவைக்காரர்கள் மரியாதையாகப் பேசினார்கள். ஒரு வருடம் கழித்து எண் எண்பதுக்குக் குறையாமல் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். சும்மா படுத்துக் கிடந்தாலும், மாடிப்படி ஏறி இறங்கினாலே, மாதம் ஒன்று குறையும். அது அவர்களுக்கும் தெரியும். எண்பத்தொன்று கையில் இருந்தது. அதை விற்கும் நாள் வருவதற்குள் எழுபதுக்கு வந்துவிடும்.

எபியிடம் சொன்னபோது அவன் கத்தவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான அண்ணாச்சி போனீங்க," என்றான். ரோஸ்லின் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: "அவங்க குடுக்க மாட்டாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" யாரும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கிளீட்டஸ் என் வீட்டுக்கு வந்தான். கழித்துவிடப்பட்ட பிறகு ஊருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். துணிக்கடைப் பை ஒன்றை மேஜைமேல் வைத்தான்.

"எண்ணிப் பாருங்க அண்ணாச்சி. நாலு இருக்கு."

"ஏதுய்யா இது?"

"அரையிறுதியில அஞ்சு வந்துல்லா. ஒண்ணு செலவாப் போச்சு. நான் ஒப்பிட்டவன். எனக்க பங்கு எபிக்குக் குடுக்காம ஊர்ல எனக்கு இருப்புக் கொள்ளல்ல."

"போனஸே வரல்லியேய்யா. வென்ற பணம் வந்தாத்தான் பங்கு."

"ஜெயிச்சோமா இல்லியா? நான் பெஞ்சுலதான் இருந்தேன், எனக்கு நல்லாத் தெரியும், ஜெயிச்சோம்."

ஆயுள் தடையைப் பற்றிச் சொன்னேன். இதை எபி தொட்டால் அவன் கதை முடிந்தது, நான் தொட்டாலும் அவன் கதைதான் முடியும் என்றேன். கிளீட்டஸ் பையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"பின்ன அந்த நோட்டுல எனக்க பேரை எப்பிடி அடிப்பிய?"

"நோட்டு என்கிட்ட இல்ல."

பையின் வாயை மடித்து மூடினான். பிறகு போகிற போக்கில் சொல்கிற மாதிரிச் சொன்னான். "அன்னைக்கு பஸ்ஸுல வரும்போ மதி எல்லார்கிட்டயும் போனை வாங்கினான் கேட்டியளா. பதினஞ்சு விழுந்த உடனே நாலு லட்சம் ரோஸ்லின் கணக்குக்குத் தானாப் போகதுக்கு ஏற்பாடு செஞ்சு வச்சான். இருவத்திரண்டு பேருக்கும். எவனும் மாட்டேன்னு சொல்லல்ல. அண்ணாச்சிக்கு நாளைக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லாம வச்சான். நீங்க விடிஞ்ச உடனே எழும்பி அங்க போவியன்னு யாரு கண்டா?"

பையைத் திருப்பி அவன் கையில் கொடுத்தேன். வாங்க மறுத்தான். நானும் பிடிக்க மறுத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக, பணத்தை வாங்க மாட்டேன் என்று உண்மையாகவே சண்டை போட்டேன். கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மெதுவாக இறங்கிப் போனான்.

அவன் போன பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதினேன்.

எபிநேசர் வகை. காசிமேடு ஒப்பந்தம், இல்லை. கோவை ஒப்பந்தம், இல்லை. கோப்பைப் போனஸ், இல்லை. அரையிறுதிப் போனஸ் ஐந்து லட்சம், வரவு. அதில் என் கமிஷன் இருபத்தையாயிரம், எடுக்கவில்லை. இடது முழங்கால் இருப்பு, எழுபத்தொன்பது. கேட்பார் இல்லை.

மகமை வகை. வரவேண்டியது எண்பத்தெட்டு லட்சம். தர இருந்தவர்கள், இருபத்திரண்டு பேர். தரமாட்டார்கள் என்று நினைத்தவன், ஒருவன். வரவு, இல்லை. பாக்கி, எண்பத்தெட்டு லட்சம்.